220 மைலும் 6,381 ஏக்கரும்

பலாலி விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையேயுள்ள ஆகாயத் தூரம் 354 கிலோமீற்றர். நம் மூத்தோருக்குப் பழகிய கணக்கிற் கூறின் 220 மைல். பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையேயுள்ள தூரம் 329 கிலோமீற்றர், அதாவது 204 மைல். யாழ்ப்பாணத்தவனுக்குச் சென்னையும் கொழும்பும் ஏறத்தாழ ஒரே தொலைவில் உள்ளன. வேறுபாடு பதினாறு மைல் மாத்திரமே. இது மேடைப் பேச்சன்று. பாடசாலைப் பிள்ளையும் பூமிப்படத்தை விரித்து, அட்சரேகை தீர்க்கரேகை பார்த்துக் கணக்கிட்டுக் கொள்ளக்கூடிய உண்மை.

அப்படத்தில் இன்னொரு கோட்டையும் வரைந்து பார்க்கும்படி வாசகர்களை வேண்டுகிறோம். கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு நேர்கோடு இழுத்தால் அதன் நீளம் 644 கிலோமீற்றர். மைலிற் சொன்னால் 400. அந்தக் கோடு எவ்வழியாகச் செல்கிறது? யாழ்ப்பாண நகரத்தின் தலைக்கு மேலாகச் சென்று, கீரிமலைப் பக்கத்தில் கடலைத் தொட்டு, அப்பால் வடக்கு நோக்கிப் போகிறது. பலாலி ஓடுபாதையிலிருந்து அக்கோட்டுக்குள்ள தூரம் நாலு மைல்தான். கட்டுநாயக்காவிலிருந்து பலாலி 180 மைல், பலாலியிலிருந்து சென்னை 220 மைல். இரண்டையுங் கூட்டினால் அதே நானூறு!

ஆகவே, பலாலி மூடிக்கிடந்த காலத்தில் சென்னைக்குப் போக விரும்பிய யாழ்ப்பாணத்தவன் செய்தது என்ன? இரவு பஸ்ஸிலேறி இருநூறு மைலுக்கு மேல் தெற்கே போனான். கட்டுநாயக்காவில் மூன்று மணித்தியாலம் முன்கூட்டியே காத்துநின்றான். பின்னர் விமானத்திலேறி, தான் முதல்நாள் மாலை பூட்டிவிட்டு வந்த தன் வீட்டுக்கு மேலாகவே பறந்து சென்னைக்குப் போனான். பஸ்ஸில் எட்டு மணித்தியாலம், காத்திருப்பு மூன்று, பறப்பு ஒன்றரை, இடையிலே போனதும் நின்றதும் ஒன்று அல்லது இரண்டு. எல்லாமாகப் பதின்மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாது. 220 மைலைப் பதின்மூன்று மணித்தியாலத்தாற் பிரித்தால் மணிக்கு 17 மைல் வருகிறது. துவிச்சக்கரவண்டியை ஊன்றி மிதிப்பவனின் வேகம் அது. ஜெற் விமானத்துக்குப் பணம் கொடுத்துச் சைக்கிள் வேகத்திற் பிரயாணஞ் செய்த ஒரு சமூகம் நாம்.

தூரம் வேறு, நேரம் வேறு என்பதை இங்கே தெளிவுபடுத்திக் கொள்வது நல்லது. விமான நிலையங்களுக்கிடையே சொல்லப்படும் தூரம் பூமியின் வளைவின்மேல் அளக்கப்படும் மிகக் குறுகிய தூரம். விமானமோட்டி அதனைக் கடல் மைலிற் கணக்கிடுவார். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர்; அவர் கணக்கிற் பலாலி–சென்னை 191 கடல் மைல். இவ்வழியிற் பறக்கும் ஏ.ரி.ஆர்.72 என்னும் இரட்டை விசிறி விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வேகத்திற் செல்லவல்லது. அந்தக் கணக்கில் நாற்பத்திரண்டு நிமிடத்திற் சென்னை வந்துவிட வேண்டும். ஆனால் நேரசூசியில் ஒன்றேகால் மணித்தியாலம் அளவிற் காணப்படும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நின்ற இடத்திலிருந்து ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து செல்ல நேரம் வேண்டும். உயர ஏறும்போது முழு வேகம் கிடையாது. இறங்கும் இடத்திற் காற்றை எதிர்கொண்டு திரும்ப வேண்டும். சென்னை போன்ற நெரிசலான நிலையத்தில் முறைக்குக் காத்திருந்து சுற்றவும் வேண்டும். பிரயாணம் குறுகக் குறுக இத்தகைய நேரங்களின் பங்கு பெரிதாகிறது. அதனாலேதான் நானூறு மைல் பறக்கும் கொழும்பு ஜெற் விமானமும், இருநூற்றிருபது மைல் பறக்கும் பலாலிச் சிறு விமானமும் ஏறத்தாழ ஒரே நேரத்தை எடுப்பதுபோல் நேரசூசியில் தோன்றுகின்றன. ஆகாயத்தில் மிச்சப்படுவது சொற்பம். மிச்சம் முழுவதும் தரையிலே தான் இருக்கிறது. பயண நேரத்தைத் தீர்மானிப்பது விமானத்தின் இயந்திரமன்று. வாயில் எங்கே திறக்கப்படுகிறது என்பதே.

அந்த வாயில் நமக்குப் புதிதாகக் கிடைத்த வரமுமன்று. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானிய விமானப்படையால் அமைக்கப்பட்டது. 1947 டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் ஸ்தாபனத்தின் முதலாவது சேவை ஆரம்பமானபோது அதன் டக்கோட்டா விமானம் எங்கே பறந்தது? இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு! இலங்கைக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு இரு மாதங்கள் முன்னரே, இந்நாட்டின் முதலாவது விமானச் சேவை நம் வாசலில் இறங்கி ஏறிச் சென்றது. இறக்கம் பலாலியில், பெயர் காங்கேசன்துறை. டக்கோட்டாவின் வேகம் மணிக்கு 170 மைல் அளவு. அந்தக் கணக்கிற் சென்னைக்கு ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம். இன்றைய நேரசூசியும் அதுதான். முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் நாம் ஒரு நிமிடத்தையும் பெரிதாக ஆதாயஞ் செய்யவில்லை. காலையிற் சென்னைக்குப் போய்ச் சினிமாப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பியோர் கதையை யாழ்ப்பாணத்து முதியோர் இன்னுஞ் சொல்லுவர். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பெருமை என்று நாம் விசாரிக்கப் போவதில்லை. தூரக் கணக்கு அதனை மறுக்கவில்லை.

பின்னர் யுத்தம் வந்தது. பொதுமக்களின் விமான நிலையம் இராணுவத்தின் விமானத் தளமாயிற்று. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் குடும்பங் குடும்பமாகத் தம் ஊர்களை விட்டு வெளியேறினர். 1998 செப்டெம்பர் 29ஆந் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம் மன்னார்க் கடலின்மேற் சுட்டு வீழ்த்தப்பட்டு அதிலிருந்த ஐம்பத்தைந்து பேரும் மாண்டனர். 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின், குடாநாட்டை விட்டு வெளியே போகப் படையினரின் அனுமதிச் சீட்டுக்கு வரிசையில் நின்ற நாட்களை இன்றைய நடுத்தர வயதினர் எவரும் மறந்திரார்.

2019 ஒக்டோபர் 17ஆந் திகதி பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் எயர் நிறுவனத்தின் சென்னைச் சேவை தொடங்கியது. நாலு மாதத்திற் கொரோனா வந்து அதனை நிறுத்திற்று. 2022 டிசம்பர் 12ஆந் திகதி சேவை மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பர் 1ஆந் திகதி முதல் இன்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கலாயிற்று. 2025 மார்ச் 30ஆந் திகதி அதன் திருச்சிச் சேவை வந்தது. திருச்சிக்கு ஆகாயத் தூரம் 114 மைல்தான்! 2010இல் இந்தியத் துணைத் தூதரகமும், 2025 செப்டெம்பரில் மாவட்டச் செயலகத்திற் கடவுச்சீட்டு அலுவலகமும் யாழ்ப்பாணத்திற் கிடைத்தன. இவற்றை நாம் வரவேற்கிறோம். குறை கூறுவதற்காகவே பேனா பிடிப்பவர்கள் அல்லர் நாம்.

எனினும் கதை இங்கே முடியவில்லை. 2019இல் திறக்கப்பட்ட ஓடுபாதையின் நீளம் 1,400 மீற்றர். எழுபது, எண்பது பேர் ஏறும் விசிறி விமானத்துக்கு அது போதும். நூற்றெண்பது பேர் ஏறும் ஏர்பஸ் 320 ரக ஜெற் விமானம் நிறைந்த பாரத்தோடு எழும்ப இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் வேண்டும். ஓடுபாதையை 2,300 மீற்றராக்குவது மூன்றாங் கட்டம் என்று அன்றே அரசாங்கத்தார் சொல்லியிருக்கின்றனர். பெரிய விமானம் வந்தால் ஆசனம் கூடும், பொதி கூடும். நமது கமக்காரரின் முந்திரிகைப் பழமும் மரக்கறியும் கடற்றொழிலாளரின் நண்டும் றாலும் வாடுமுன்னே வெளிநாடு போக வழி பிறக்கலாம். சிறு விமானத்தில் ஆட்களும் அவர்தம் பெட்டிகளும் ஏறியபின் சரக்குக்கு எஞ்சும் இடம் மிகச் சிறிது. ஆகையால் ஓடுபாதை நீளவேண்டும் என்று வைத்தியர், பொறியியலாளர், வர்த்தகர் கேட்பதில் நியாயம் உண்டு.

ஓடுபாதை நீண்டால் எதன்மேல் நீளும்? அங்கேதான் வில்லங்கம்.

பலாலியைச் சூழ்ந்த நிலம் வெறும் பற்றைக்காடு அன்று. வசாவிளான், கட்டுவன், மயிலிட்டி, குரும்பசிட்டி எனத் தொடரும் செம்பாட்டு மண். வெங்காயம், புகையிலை, உருளைக்கிழங்கு, வாழை என்று வருஷம் முழுவதும் பயிரிடப்பட்ட தோட்டக் காணிகள். பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர் என்று கணக்குச் சொல்லும் நாட்டில், நாலு பரப்பை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய தகப்பன்மார் வாழ்ந்த மண். இன்று ஓடுபாதை வேண்டும் என்று கேட்கும் வைத்தியர்களுட் பலர் அந்த நாலு பரப்பிலே விளைந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

2013 ஏப்ரிலில் காணி எடுத்தற் சட்டத்தின் இரண்டாம் பிரிவின்கீழ் வலிகாமம் வடக்கில் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. பாதுகாப்புத் தேவைக்கென எடுக்கப்படவிருந்த காணியின் அளவு 6,381 ஏக்கர். அதே ஆண்டு மே மாதத்தில் 2,176 காணிச் சொந்தக்காரர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். பின்னர் 2015 முதல் பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகமும் விடப்பட்டது. ஆனால் வேலிக்கு அப்பால் நின்று தம் காணியைப் பார்ப்போர் இன்னும் இருக்கின்றனர்.

விமான நிலையத்துக்கு உண்மையில் எவ்வளவு காணி வேண்டும்? கணக்கிட்டுப் பார்ப்போம். 2,300 மீற்றர் ஓடுபாதை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளின்படி அதனைச் சுற்றி வெறுமையாக விடவேண்டிய நிலம் நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 140 மீற்றர், இரு முனையிலும் அறுபது அறுபது மீற்றர். ஆகவே 2,420 மீற்றர் நீளம், 280 மீற்றர் அகலம். பெருக்கிப் பார்த்தால் 167 ஏக்கர். முனைகளுக்கு அப்பாலுள்ள பாதுகாப்புப் பரப்பையுஞ் சேர்த்தால் இருநூறுக்குட்பட்டது. பிரயாணிகள் மண்டபம், விமானத் தரிப்பிடம், எண்ணெய்த் தாங்கி, தீயணைப்பு நிலையம், நாளைய தேவைக்கு இடம் என்று அதனை மூன்று மடங்காக்கினாலும் அறுநூறு. அறுநூறு எங்கே, 6,381 எங்கே? இலண்டனின் கட்விக் விமான நிலையம் 2019இல் ஒரே ஓடுபாதையைப் பயன்படுத்தி ஓராண்டில் நாலரைக் கோடிக்கு மேற்பட்ட பிரயாணிகளை ஏற்றியிறக்கியது. அதன் நிலப்பரப்பு 674 ஹெக்டயர், அதாவது 1,665 ஏக்கர். 2013ஆம் ஆண்டு அறிவித்தலிற் குறிக்கப்பட்ட நிலத்தினுள் கட்விக்கைப் போல் மூன்றை வைத்து இன்னும் இடம் மிஞ்சும்!

அந்த 6,381 ஏக்கர் விமான நிலையத்துக்காகக் கேட்கப்பட்டதன்று என்று சிலர் விடை பகரலாம். உண்மை, நாமும் அதனையே சொல்லுகிறோம். விமான நிலையத்தின் தேவை வேறு, முகாமின் தேவை வேறு. இரண்டையும் ஒரே வேலிக்குள் வைத்துக்கொண்டு, காணி கேட்டு வருபவனிடம் “விமான நிலையம் வேண்டாமா?” என்று கேட்பதும், விமான நிலையம் பற்றிக் கேட்பவனிடம் “காணிக்காரர் விடுகிறார்கள் இல்லை” என்று சொல்வதுமே நாம் கண்டிக்கும் தந்திரம். இதில் படித்தவனும் கமக்காரனும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்க, வேலி நின்ற இடத்திலேயே நிற்கும்.

எம்மிடம் வரும் கட்சிக்காரர் ஒருவர் வசாவிளானைச் சேர்ந்த முதிய கமக்காரர். ஐந்து பரப்புத் தோட்டக் காணியும் ஒரு கிணறும் வேலிக்குள் இருக்கின்றன. 1990இல் முப்பத்தாறு வயதில் வெளியேறியவர். சென்ற வருஷம் கண் வைத்தியத்துக்காக மகளோடு பலாலியிலிருந்தே சென்னைக்குப் போய்வந்தார். போகுமுன் எம்மிடம் வந்து, “தம்பி, பிளேன் எழும்பேக்கை எந்தப் பக்கம் இருந்தால் எங்கடை காணி தெரியும்?” என்று கேட்டார். எமக்குத் தெரியவில்லை, காற்றைப் பொறுத்தது என்றோம். திரும்பி வந்தபின் சொன்னார்: ஒரு கணந்தான் கண்டாராம். கிணற்றுக் கட்டைத் தேடுமுன்னே கடல் வந்துவிட்டதாம். முப்பத்தைந்து வருஷமாகக் கால் வைக்காத காணியை இருநூற்றிருபது மைல் பிரயாணத்தின் முதல் நிமிடத்திற் கண்டுவிட்டு, ஒன்றேகால் மணித்தியாலத்தில் வேறொரு நாட்டில் இறங்கினார். அவருடைய வீட்டிலிருந்து அந்தக் கிணறு மூன்று மைல்.

விமான நிலையம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. “அளந்து எடுக்கட்டும், எடுத்ததுக்கு எழுத்துத் தரட்டும், மிச்சத்தைத் தரட்டும்” என்பதே அவர் சொல்வது. இதற்குமேல் நாம் சட்டப் புத்தகத்தை விரித்து என்ன சேர்க்கப் போகிறோம்?

எனினும் தொழில் முறையிற் சில சொல்லவேண்டியுள்ளது. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம், பொதுத் தேவை என்றால் அரசாங்கம் எவர் காணியையும் எடுக்கலாம் என்கிறது. ஆனால் அதற்கொரு வழி வகுத்திருக்கிறது. இரண்டாம் பிரிவின்கீழ் அறிவித்தல், நாலாம் பிரிவின்கீழ் ஆட்சேபம் கேட்டல், பின் பிரகடனம், பின் விசாரணையும் நட்டஈடும். அவசரமென்றால் முப்பத்தெட்டாம் பிரிவின் காப்புரையைக் கொண்டு உடனே உடைமை எடுக்கலாம். எவ்வழியுமின்றி முப்பது வருஷம் வேலி போட்டு வைத்திருப்பதற்கு அச்சட்டத்திற் பிரிவு கிடையாது. 1979இற் சேர்க்கப்பட்ட 39அ பிரிவோ, எடுத்த காணி பொதுத் தேவைக்குப் பயன்படுத்தப்படாமலும், நட்டஈடு கொடுபடாமலும், மேம்படுத்தப்படாமலும் கிடந்து, சொந்தக்காரரும் ஏற்கச் சம்மதித்தால் அதனைத் திருப்பிக் கொடுக்க அமைச்சருக்கு வழி தருகிறது. அவ்வதிகாரம் அமைச்சரின் விருப்பு வெறுப்புக்கு உரியதன்று, பொதுமக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கப்படுவது என்பதை உயர் நீதிமன்றம் 1993ஆம் ஆண்டு டி சில்வா எதிர் அத்துக்கோரள வழக்கில் நிலைநாட்டியது. இத்தீர்ப்பு தென்னிலங்கைக் காணி ஒன்றைப் பற்றியது. தெற்கில் ஒரு சட்டம், பலாலியில் ஒரு சட்டம் என்று எந்த நீதியரசரும் எழுதிவைக்கவில்லை.

ஆகவே நாம் கேட்பது இதுவே. ஓடுபாதையை 2,300 மீற்றராக்க எத்தனை ஏக்கர் தேவை என்பதைச் சிவில் விமானப் போக்குவரத்துக்குப் பொறுப்பான அமைச்சு நில அளவைப் படத்தோடு வெளியிடட்டும். படத்தில் ஒவ்வொரு காணித் துண்டும் அடையாளங் காணப்படட்டும். அத்துண்டுகளுக்கு மாத்திரம் சட்டப்படி அறிவித்தல் கொடுத்து, இன்றைய பெறுமதியில் நட்டஈடோ, அதற்கீடான செம்பாட்டு நிலமோ கொடுக்கட்டும். நிலத்துக்கு நிலம் கேட்பதே கமக்காரருக்குச் சிறந்தது என்பது எமது அபிப்பிராயம். காசு கரைந்துவிடும், கலட்டி நிலத்தை வாங்கி வெங்காயம் நட முடியாது. மிகுதிக் காணியை விடுவிக்க, விமான நிலையத்தைக் காரணங் காட்டித் தடுத்தலாகாது. நமது வைத்தியர்களும் பொறியியலாளர்களும் ஓடுபாதை கேட்டு மனு எழுதும்போது காணிச் சொந்தக்காரரையும் அருகில் இருத்திக் கையொப்பம் வாங்கட்டும். நில அளவையாளரும் கணக்காளரும் நம்மிடையே குறைவில்லை. அமைச்சின் படத்தைச் சரிபார்க்க ஒரு வார இறுதி போதும்.

காணிக்காரருக்கும் ஒரு வார்த்தை. இடம்பெயர்ந்தபோது உறுதிகளைத் தொலைத்தோர் பலர். உறுதி தொலைந்தால் உரிமை தொலையாது. காணிப் பதிவகத்திற் பதிவேட்டின் பிரதியை எடுக்கலாம். நொத்தாரிசின் பெயரோ உறுதி இலக்கமோ தெரிந்தாற் தேடுவது எளிது. இரண்டுந் தெரியாவிட்டாலும் காணியின் பெயரும் எல்லைக்காரர் பெயரும் கொண்டு தேடலாம். தகப்பன் பெயரிலுள்ள காணிக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால், அவர்கள் அற்றோர்ணித் தத்துவம் எழுதி அனுப்பட்டும். அறிவித்தல் ஒட்டப்பட்டபின் ஆட்சேபத்துக்குக் கொடுக்கப்படும் கால எல்லை குறுகியது. அந்த நேரத்தில் உறுதி தேடிப் புறப்பட்டால் தவணை தப்பிவிடும். எமது வசாவிளான் கமக்காரர் தம் உறுதியின் பிரதியைச் சென்ற மாதம் பெற்றுவிட்டார். எல்லையில் தகப்பன் நட்ட இரண்டு பனைகளும் அதிற் குறிப்பிடப்பட்டுள்ளன. அடுத்த வேலை நில அளவைப் படம்.